ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லையா? தனி ஜெபத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெபத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருப்போம். ஆனால் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் முழிப்பவர்கள்தான் நம்மில் அதிகம். இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துபோகும், மூன்றாவது நிமிடத்தில் மனது வேறெங்கோ போய்விடும், பிறகு ஒரு குற்ற உணர்ச்சியோடு ஆமென் சொல்லி எழுந்துவிடுவோம். உங்களுக்கும் இப்படித்தான் என்றால் லூக்கா 11:1-ஐ எடுத்துப் பாருங்கள். ஆண்டவரே, எங்களுக்கும் ஜெபம்பண்ணக் கற்றுத்தாரும் என்று கேட்டவர் இயேசுவின் சொந்தச் சீஷர்களில் ஒருவர். சின்ன வயதிலிருந்தே சங்கீதங்களைக் கேட்டும் சொல்லியும் வளர்ந்த யூதர் அவர். அவருக்கே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, இயேசுவும் "இதுகூடத் தெரியாதா" என்று கடிந்துகொள்ளவில்லை, உடனே கற்றுக்கொடுத்தார். அதனால் ஜெபம் வரவில்லை என்பதை உங்கள் விசுவாசத்தின் குறையாக நினைக்காதீர்கள். அது கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று.

இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். நாம் தேவனிடம் நெருங்க முடியாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் நேரக் குறைவோ அறிவுக் குறைவோ அல்ல. இருக்கிறபடியே அவர் முன் போய் நிற்காமல், ஜெபிப்பதற்கென்று வேறொரு ஆளாக மாறிக்கொண்டு போகிறோம், அதுதான் இடைஞ்சல்.

முதலில் ஒரு நேரம், ஓர் இடம்

மாற்கு 1-ஆம் அதிகாரத்தை வாசித்தால் இயேசுவின் ஒரு நாள் எப்படிப் போனது என்று தெரியும். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் போதனை, அங்கேயே பிசாசு பிடித்த ஒருவனுக்கு விடுதலை, அப்புறம் சீமோனின் மாமிக்குச் சுகம், சூரியன் அஸ்தமித்த பிறகு பட்டணம் முழுவதும் வாசலில் வந்து கூடுகிறது. அப்படி ஒரு நாளுக்கு மறுநாள் யாராக இருந்தாலும் கொஞ்சம் தூங்கலாம் என்றுதான் நினைப்பார்கள். 35-ஆம் வசனம் சொல்வது வேறு: அதிகாலையில், இருட்டோடே எழுந்து, ஆளில்லாத ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்தார். சீமோன் தேடிக்கொண்டு வந்து "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். இயேசு அந்தக் கூட்டத்துக்குத் திரும்பவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். என்ன செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்ற தெளிவோடு அவர் அந்த இடத்திலிருந்து எழுந்து வருகிறார் பாருங்கள்.

அதற்காக எல்லோரும் அதிகாலையில்தான் எழ வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாவும் இரவு வேலைக்குப் போகிறவரும் அந்த அளவுகோலால் தங்களை அளந்து நொந்துபோவதில் எந்தப் பயனும் இல்லை. தானியேல் ஒரு நாளைக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டார், சங்கீதக்காரன் அந்தி சந்தி மத்தியானம் என்கிறார், ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானம்பண்ண வெளியே போனதாக ஆதியாகமம் சொல்கிறது. எந்த நேரம் என்பதைவிட அது குறித்து வைத்த நேரமாக இருப்பதுதான் முக்கியம். "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டுவைத்த ஜெபம் நடப்பதே இல்லை.

பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். ஒரு மணி நேரம் என்று தொடங்கி நாலாவது நாள் விட்டுவிடுவதைவிட, பத்து நிமிடம் நிலைத்திருப்பது நல்லது. கைபேசியை இன்னொரு அறையில் வையுங்கள், தலைகீழாகக் கவிழ்த்துப் பக்கத்தில் வைப்பது போதாது. உட்காரலாமா, முழங்கால்படியிடலாமா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து ஜெபித்தார், சாலொமோன் முழங்கால்படியிட்டார், கெத்செமனேயில் இயேசு முகங்குப்புற விழுந்தார். உடம்பு எதில் விழிப்பாக இருக்குமோ அதுவே சரி.

பேசுவதற்கு முன் வாசியுங்கள்

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்தவர் ஜார்ஜ் முல்லர். ஜெப வீரர் என்று நாம் மேடையில் உதாரணம் சொல்லும் அதே முல்லர்தான், பல வருடங்களாகக் காலையில் எழுந்து உடுத்தியதும் நேரே ஜெபத்தில் இறங்குவதை வழக்கமாக வைத்திருந்ததாகவும், மனது ஒருநிலைப்படவே சில நாட்களில் அரை மணி நேரம்கூட ஆகிவிட்டதாகவும் 1841-இல் எழுதி வைத்திருக்கிறார். அதன் பிறகு அவர் வரிசையை மாற்றிக்கொண்டார். முதலில் வேதத்தை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து யோசிப்பார், அந்த வாசிப்பிலிருந்தே நன்றியோ பாவ அறிக்கையோ வேண்டுதலோ தானாக எழும்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு முழு அதிகாரம் வேண்டாம், ஐந்தாறு வசனம் போதும். ஒருமுறை சாதாரணமாக வாசியுங்கள், இரண்டாம் முறை வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள், எந்த வார்த்தையில் மனது நிற்கிறதோ அங்கேயே நீங்களும் நில்லுங்கள். அந்த வார்த்தையைப் பற்றி அவரிடமே பேசுங்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள், அதுவும் ஜெபம்தான். ஒரு வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணை வைத்திருந்தால் அதை வேறொரு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வேகம் உதவாது. பேச்சை அவர் ஆரம்பிக்க, நாம் பதில் சொல்கிறோம் என்ற வரிசை பழகிவிட்டால், "என்ன சொல்வது" என்ற தவிப்பில் பாதி தீர்ந்துவிடும்.

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

இந்தப் படியைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சபையில் வளர்ந்த நமக்கு ஒரு ஜெப பாஷை தானாகவே ஒட்டிக்கொண்டுவிடுகிறது. "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்" என்று ஆரம்பித்தால் ஐந்து நிமிடம் எங்கேயும் தடுக்காமல் போகலாம். அந்த வார்த்தைகளில் குற்றம் இல்லை, அவை உண்மையான விசுவாசத்திலிருந்து பிறந்தவை. ஆனால் உள்ளே கோபம் கொதித்துக்கொண்டிருக்கும்போது, வாய் மட்டும் அந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்தால், அங்கே ஜெபிப்பது யார்?

பிள்ளையில்லாமல் மனம் நொந்து ஜெபித்த அன்னாளைப் பாருங்கள். 1 சாமுவேல் 1-இல் அவள் உதடு மட்டும் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். அந்த அளவுக்கு அவள் ஜெபம் ஒழுங்கு தப்பிக் கிடந்தது. அவள் சொன்ன பதில்: "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்." அப்புறம் அவள் போய்ச் சாப்பிட்டாள், அதற்குமேல் துக்கமுகமாய் இருக்கவில்லை என்று வேதம் சொல்கிறது. குழந்தை இன்னும் கருவில்கூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏலி சொன்ன ஒரு ஆசீர்வாத வார்த்தையைத் தவிர அவள் கையில் எதுவும் இல்லை, ஆனாலும் சுமந்து வந்ததை அவள் அங்கேயே இறக்கிவிட்டாள்.

இதற்குச் சங்கீதங்களைவிட நல்ல பயிற்சி கிடையாது. 150 சங்கீதங்களில் புலம்பல்களே பெரும் பங்கு. 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம், ஆறே வசனம். ஒருவருக்கு வேலை போய்ப் பல மாதம் ஆகிறது, விண்ணப்பம் போட்ட இடங்களிலிருந்து பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் இதை வைத்து இப்படி ஜெபிக்கலாம்.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" இந்த வரியை வாசித்துவிட்டு: ஆண்டவரே, நீர் என்னை மறந்துவிட்டீர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள், சபையில் அவர்கள் சாட்சி சொல்லும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

அடுத்து, எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன் என்ற வரி. அங்கே: ராத்திரி படுத்தால் கணக்குத்தான் ஓடுகிறது, எந்தக் கடனை முதலில் கட்டுவது, யாரிடம் கேட்பது, கேட்டால் என்ன நினைப்பார்கள். தூக்கம் வருவதில்லை ஆண்டவரே.

மூன்றாம் வசனத்தில் "என் கண்களைத் தெளிவாக்கும்" என்று வருகிறது. அங்கே நின்று: எனக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை, இந்த வாரம் யாரிடம் பேச வேண்டும் என்றாவது காட்டும்.

ஐந்தாம் வசனத்தில் தாவீது "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறார். உங்களால் அதை அன்றைக்கு மனதார சொல்ல முடியவில்லை என்றால், "தாவீது இப்படிச் சொல்கிறார், என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை, சொல்ல வையும்" என்று சொல்லுங்கள். பிசாசு பிடித்த பிள்ளையின் தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறினானே, அவன் பிள்ளையை இயேசு குணமாக்கினார். அரைகுறை விசுவாசத்தோடு வந்தவனை அவர் திருப்பி அனுப்பவில்லை.

சில நாட்களில் ஐந்தாம் வசனத்துக்குப் போகவே முடியாது. அப்படிப்பட்டவர்களுக்காக 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அது துதியில் முடிவதில்லை, இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபமும் வேதாகமத்துக்குள் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். தேவனிடம் வருவதற்கு முன் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கர்த்தருடைய ஜெபத்தைச் சட்டகமாக வைத்துக்கொள்ளுங்கள்

மனதிலிருப்பதை மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தால் ஜெபம் நம்மையே சுற்றிச் சுற்றி வரும் ஆபத்தும் உண்டு. அதற்குத்தான் இயேசு கற்றுக்கொடுத்த, பரமண்டல ஜெபம் என்று நாம் சொல்லும் ஜெபம். அதில் முதல் மூன்று வேண்டுதலும் அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம் பற்றியவை, நம்முடைய ஆகாரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. 1535-இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கு முடி திருத்துபவராயிருந்த பேதுரு என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்க, லூத்தர் அவருக்காகவே எழுதிக்கொடுத்த பதிலில் இந்த முறையைத்தான் சொன்னார்: ஒவ்வொரு வேண்டுதலையும் எடுத்துக்கொள், அதை உன் சொந்த வார்த்தையில் விரித்துச் சொல், நடுவில் பரிசுத்த ஆவியானவர் உள்ளத்தில் பேச ஆரம்பித்தால் மற்றதை விட்டுவிட்டு அதைக் கேள்.

பரமண்டல ஜெபத்தை மூச்சு விடாமல் முப்பது வினாடியில் ஒப்பித்துவிடுகிற நமக்கு இது கொஞ்சம் கஷ்டமாகவே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரே வேண்டுதலில் நின்று பாருங்கள். "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்ற இடத்தில் நின்று, இன்றைக்கு எனக்கு முன்னாலிருக்கிற எந்தக் காரியத்தில் என் சித்தத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று யோசித்தால், அந்த ஒரு வரியே பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளும்.

பாவ அறிக்கை: பொதுவாகச் சொல்லாதீர்கள்

"தெரிந்தும் தெரியாமலும் செய்த எல்லாப் பாவங்களையும் மன்னியும்" என்பது சபையாகச் சேர்ந்து சொல்லும்போது சரி. தனி ஜெபத்தில் அது பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடுகிறது. என்ன செய்தேன், யாரிடம் செய்தேன் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். நேற்று மகனிடம் தேவைக்கு மேல் கத்தினேன், அவன் தவறைவிட என் களைப்புதான் காரணம். அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும், எழுந்துபோய் அவனிடம் பேச வேண்டும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது (மத்தேயு 5:23, 24) ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போவதற்கும் அனுமதிதான்.

சொன்ன பிறகு, மன்னிப்பை நம்பி எழுந்திருங்கள். அதே பாவத்தைத் தினமும் திரும்பக் கிளறி மன்னிப்புக் கேட்பது தாழ்மை போலத் தோன்றும், ஆனால் பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்று சொல்லும் 1 யோவான் 1:9-ஐ நம்பவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

மற்றவர்களுக்காக

"ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்! ஒரு சின்ன நோட்டில் பெயர்களை எழுதி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு பேர் என்று வாரம் முழுவதும் பிரித்துக்கொள்ளுங்கள். ஐம்பது பெயரை ஒரே மூச்சில் வாசிப்பதைவிட மூன்று பேரை மனதில் நிறுத்துவது மேல். என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் கொலோசெயர் 1:9 முதல் 11 வரை எடுத்து அந்தப் பெயரை அதில் வைத்து ஜெபியுங்கள். பவுல் அங்கே கேட்பது தேவசித்தத்தை அறிகிற அறிவு, கர்த்தருக்குப் பிரியமான நடக்கை, பொறுமை, சந்தோஷம். நாம் நம் மக்களுக்காக அதிகமாகக் கேட்பவை உடல்நலமும் பரீட்சையும் வேலையும். அவற்றையும் தாராளமாகக் கேளுங்கள், கூடவே இவற்றையும் கேளுங்கள் என்கிறேன்.

மனது ஓடும்போது

ஓடத்தான் செய்யும். பால் வாங்கவில்லை, அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை என்று நினைவுக்கு வந்தால் ஒரு தாளில் குறித்து வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். ஆனால் ஒரே எண்ணம் மறுபடி மறுபடி வந்தால் அதைத் துரத்தாதீர்கள், அதையே ஜெபமாக்குங்கள். உங்கள் இருதயம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. ஒரு மனிதரைப் பற்றிய மனக்கசப்பு திரும்பத் திரும்ப வந்தால், அன்றைய ஜெபம் அவரைப் பற்றியதாகவே இருக்கட்டும். கடைசியில் ஒன்றிரண்டு நிமிடம் பேசாமல் அமர்ந்திருங்கள். குரல் கேட்க வேண்டும், தரிசனம் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், அவர் முன்னால் சும்மா இருந்தாலே போதும்.

பதில் வராதபோது

இந்த இடத்தில் பலரைக் காயப்படுத்தும் ஒரு பேச்சு உண்டு: "உனக்கு விசுவாசம் பத்தவில்லை, அதனால்தான் கிடைக்கவில்லை." நோயில் படுத்திருப்பவரிடமும் பிள்ளையை இழந்தவரிடமும் இதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இதை நம்பாதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. கெத்செமனேயில் இயேசுவே இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, நீங்கும்படி கேட்டார், மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். பாத்திரம் நீங்கவில்லை. தேவகுமாரனின் ஜெபத்தில் விசுவாசக் குறை இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? அவர் மறைக்காமல் கேட்டார், அதே மூச்சில் உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது என்று ஒப்புக்கொடுத்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்ல நாமும் அங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்காமலேயே "எல்லாம் உம் சித்தம்" என்று சொல்லிவிடுவது ஏமாற்றத்துக்குப் பயந்து ஒதுங்குவதாகிவிடலாம். ஒப்புக்கொடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் அது அவரை நிர்ப்பந்திப்பதாகிவிடும்.

வறண்ட காலங்களும் வரும். ஜெபித்தால் கூரைக்குமேல் போகாதது போலிருக்கும், முன்பு வந்த கண்ணீரோ சந்தோஷமோ வராது. உணர்ச்சி வரவில்லை என்பதற்காக அவர் விலகிவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள். நேரத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை, நிறுத்தாமல் இருங்கள், உங்கள் வார்த்தை வற்றிவிட்டால் சங்கீதத்தின் வார்த்தையை வாசித்துவிட்டு எழுங்கள். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறதே.

எலியாவின் கதையையும் மறக்காதீர்கள். போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிப் படுத்துவிட்ட தீர்க்கதரிசிக்குத் தேவன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிட வைத்தார். ஓரேப் மலையில் மெல்லிய சத்தத்தில் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே பல வாரமாகத் தூக்கமும் பசியும் போய், வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால், இன்னும் அதிகமாக ஜெபித்தால் சரியாகிவிடும் என்று தனியாகப் போராடாதீர்கள். மருத்துவரிடம் போங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். எலியாவுக்கே தேவன் எலிசாவைத் துணையாகக் கொடுத்தார்.

அறையைவிட்டு வெளியே வந்த பிறகு

பெர்சிய ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்று கேட்டதற்கும் அவருடைய பானபாத்திரக்காரரான நெகேமியா பதில் சொன்னதற்கும் நடுவில், நான் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினேன் என்று ஒரு வரி வருகிறது (நெகேமியா 2:4). எத்தனை வினாடி இருந்திருக்கும்? அவ்வளவு சின்ன ஜெபம். ஆனால் அதற்கு முன்பு முதல் அதிகாரத்தில் அவர் நாட்கணக்கில் அழுது, உபவாசித்து ஜெபித்திருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பழகியவருக்குத்தான் ராஜாவின் முன் அந்த ஒரு வரி வாயில் வரும். ஒரு கூட்டத்துக்குள் நுழையும்போது, ஒரு கடினமான அழைப்பை எடுக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, "ஆண்டவரே, உதவும்" என்பதே போதும். இரவு படுக்கும்முன் அன்றைய நாளை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்: எங்கே அவருடைய கையைக் கண்டேன், எங்கே அவரை மறந்துபோனேன். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

விட்டுப்போனால்

ஒரு நாள் விட்டுப்போகும், அப்புறம் ஒரு வாரம், சிலருக்கு ஒரு வருடமே போய்விடும். திரும்ப வரும்போது விட்ட நாட்களுக்கு ஈடுகட்ட நினைத்து இரண்டு மணி நேர ஜெபம், மூன்று நாள் உபவாசம் என்று தீர்மானம் எடுக்காதீர்கள், அது தேவனுக்குக் கடன் கட்டுவது போல ஆகிவிடும். இயேசு சொன்ன உவமையில் வீட்டைவிட்டுப் போன இளைய குமாரன், திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்தான், என்னை உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பது அதன் கடைசி வரி. தகப்பன் அந்த வரிவரை அவனைப் பேசவிடவே இல்லை, அதற்குள் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். நாளைக்கு அதே நேரம், அதே இடத்தில், பத்து நிமிடம் போய் உட்காருங்கள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லி ஆரம்பிக்கலாம்.